இங்கிலாந்தில் கணவன் மனைவி மட்டும் இரண்டு நாள் போய்வர, பழைய ஆலை நகரம் எதுவும் தேறுமா?

தேறும். யார்க்ஷயரில் இருக்கும் ஹாலிஃபாக்ஸ் போங்கள்.

லேக் டிஸ்ட்ரிக்ட், பாத், காட்ஸ்வோல்ட்ஸ் எல்லாம் பார்த்தாயிற்று, கூட்டமும் அறை வாடகையும் கட்டுப்படியாகவில்லை என்றும் சொல்லியிருக்கிறீர்கள். அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இது அந்த ஊர்களைப் போல அழகான ஊர் இல்லை. ரயிலை விட்டு இறங்கினால் பக்கத்திலேயே சாக்லேட் ஃபேக்டரி. கிறிஸ்துமஸ் சமயத்தில் எல்லா ஆபீஸிலும் வந்து உட்காருமே குவாலிட்டி ஸ்ட்ரீட் டப்பா, அதை 1936இலிருந்து இந்த ஊரில்தான் செய்கிறார்கள். சுற்றிலும் செங்குத்தான மேடு, கரி படிந்த கல், மூடிக் கிடக்கும் சில கடைகள். ஆனால் கம்பளித் துணியில் கொட்டிய பணம் எப்படி வந்தது, எப்படிப் போனது, மிச்சம் நின்ற கட்டடங்களை வைத்துக்கொண்டு ஊர் என்ன செய்தது என்பதையெல்லாம் நடந்தே பார்த்துவிடலாம். நானும் என் வீட்டுக்காரரும் ஒரு மே மாதத்துச் சனி ஞாயிறில் போனோம். அவருக்கு மெஷின் பைத்தியம், எனக்குப் பழைய வீடுகள். இரண்டு பேருக்கும் தீனி கிடைத்தது.

முதலில் பீஸ் ஹால் என்ற பழைய துணிச் சந்தை. ஸ்டேஷனிலிருந்து ஐந்து நிமிட நடை. குறுகலான வாசலுக்குள் நுழையும்வரை உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது. நுழைந்தால் நாலு பக்கமும் தூண் வரிசை, நடுவில் திறந்த முற்றம். 1779 ஜனவரி 1 அன்று திறந்தார்கள். மலைக் கிராமங்களில் வீட்டுத் தறியில் நெய்தவர்கள், ஏறத்தாழ 30 கஜம் நீளமுள்ள துணிகளை இங்கே கொண்டுவந்து விற்பார்கள். மொத்தம் 315 அறைகள். சனிக்கிழமை காலை 10 மணிக்கு மணி அடித்தால் வியாபாரம் தொடங்கும், 12க்கு அடித்தால் முடிந்தது. வாரத்தில் இரண்டு மணி நேரத்துக்காகவா இவ்வளவு பெரிய கட்டடம் என்று என் வீட்டுக்காரர் கேட்டுக்கொண்டே வந்தார். கையில் காசு இருந்தது, கட்டினார்கள், வேறென்ன!

சில பத்தாண்டுகளுக்குள் நீராவி மில்கள் வந்து கைத்தறிக்காரர்களின் பிழைப்பைப் பிடுங்கிக்கொண்டன. கட்டடத்துக்கும் வேலை போயிற்று. 1871இலிருந்து நூறு ஆண்டுகள் அது மீன், காய்கறி மொத்தச் சந்தையாக ஓடியது. ஏறத்தாழ இரண்டு கோடி பவுண்டு செலவில் புதுப்பித்து 2017இல் மறுபடி திறந்திருக்கிறார்கள். அந்த அறைகளில் இப்போது சின்னச் சின்னக் கடைகளும் காபிக் கடைகளும். உள்ளே போகக் கட்டணம் இல்லை. மேல் தளத்துத் தாழ்வாரத்தை ஒரு சுற்று சுற்றாமல் வராதீர்கள். சரிவில் கட்டியதால் ஒரு பக்கம் மூன்று அடுக்கு, எதிர்ப்பக்கம் இரண்டே அடுக்கு. ஆனால் கூரை ஒரே மட்டத்தில் போகிறது.

பீஸ் ஹாலைக் கொன்ற மில்களின் கதியைப் பார்க்க வேண்டுமானால் டீன் கிளஃப் போக வேண்டும். கிராஸ்லி குடும்பத்தின் தரைவிரிப்பு ஆலை அது, ஒரு காலத்தில் உலகத்திலேயே பெரியது. பள்ளத்தாக்கு நெடுக ஏறக்குறைய அரை மைலுக்குக் கட்டடங்கள். 1980களின் தொடக்கத்தில் மூடிவிட்டார்கள். 1983இல் எர்னஸ்ட் ஹால் என்பவர் முன்னின்று வாங்கினார். ஜவுளியில் சம்பாதித்தவர், அதோடு பியானோ கலைஞர். ஆபீஸ், ஓவியக் கூடம், நாடக அரங்கு என்று இடத்தையே மாற்றிவிட்டார். மெஷின்கள் ஒன்றும் பெரிதாக மிச்சமில்லை. என் வீட்டுக்காரருக்கு அதில் கொஞ்சம் வருத்தம். வார்ப்பிரும்புத் தூண்களைத் தட்டித் தட்டிப் பார்த்து மனதைத் தேற்றிக்கொண்டார்.

எனக்கு இந்த ஊர் பிடித்துப்போனதற்குக் காரணம் ஷிப்டன் ஹால். 1420 வாக்கில் கட்டிய மரச்சட்ட வீடு. பஸ்ஸிலும் போகலாம்; முட்டி ஒத்துழைத்தால் மின்ஸ்டர் தேவாலயத்துப் பக்கமிருந்து மேக்னா வியா என்ற பழைய கல்பாதையில் ஏறிப் போங்கள். பொதிக்குதிரைகள் போன வழி. மூச்சு வாங்கும், ஆனால் திரும்பிப் பார்த்தால் மொத்த ஊரும் காலடியில். மில்கள் ஓடிய காலத்தில் இதே இடத்தில் நின்றால் புகைதான் தெரியுமாம்.

இந்த வீட்டில் வாழ்ந்தவர் ஆன் லிஸ்டர் (1791–1840). நிலம், கல் குவாரி, நிலக்கரிச் சுரங்கம் எல்லாவற்றையும் தானே நிர்வகித்தவர், ஆண்களோடு சரிக்குச் சரி பேரம் பேசியவர். பெண்களைத்தான் காதலித்தார், 1834இல் யார்க் நகரத் தேவாலயம் ஒன்றில் ஆன் வாக்கர் என்ற பெண்ணோடு நற்கருணை (அப்பமும் திராட்சை ரசமும் பெறும் சடங்கு) வாங்கி, அதையே தங்கள் திருமணமாக எண்ணி, அவரை இந்த வீட்டுக்கே அழைத்துவந்தார். பல லட்சம் சொற்களில் நாட்குறிப்பு எழுதிவைத்திருக்கிறார். அதில் ஆறில் ஒரு பங்கு, கிரேக்க எழுத்தும் கணிதக் குறிகளும் கலந்து அவரே உண்டாக்கிய ரகசிய எழுத்தில். பிற்காலத்தில் அந்த வீட்டில் வாழ்ந்த ஜான் லிஸ்டர் ஒரு நண்பரோடு சேர்ந்து அதை உடைத்துப் படித்துவிட்டார். கொளுத்திவிடு என்றார் நண்பர். ஜானுக்கு மனசு வரவில்லை. சுவர்ப் பலகைக்குப் பின்னால் ஒளித்துவைத்தார். அவர் அப்படிச் செய்யாமல் இருந்திருந்தால் ஆன் லிஸ்டரைப் பற்றி 2019இல் வந்த டிவி தொடரும் இல்லை, பீஸ் ஹாலில் நிற்கும் அவருடைய சிலையும் இல்லை. வீட்டுக்குள் அந்த இருண்ட மரப்பலகைச் சுவர்களைப் பார்த்தபடி நான் நின்ற நேரத்தில், என் வீட்டுக்காரர் தோட்டத்துக் கொட்டகையில் பழைய வண்டிகளைப் பார்த்து முடித்துவிட்டு டீயும் குடித்துவிட்டார்.

கில்லட்டினுக்கு முன்னோடியான தலைவெட்டி மேடையின் மாதிரி ஒன்று கிப்பட் ஸ்ட்ரீட்டில் இருக்கிறது. பதிமூன்றரை பென்னி மதிப்புள்ள திருட்டுக்கே தலை போகும். கடைசியாக வெட்டியது 1650இல். வழியில் இருந்தால் பாருங்கள், தேடிப் போக வேண்டாம்.

இரண்டாம் நாளுக்கு ஹெப்டன் பிரிட்ஜ், ரயிலில் கால் மணி நேரம். ஃபஸ்டியன் என்ற தடித்த பருத்தித் துணியும் கால்சட்டையும் தைத்த ஊர். பள்ளத்தாக்கில் சமதளமே கிடையாது என்பதால் வீட்டின் மேல் வீடு வைத்துக் கட்டியிருக்கிறார்கள்: கீழ் வீட்டுக்குக் கீழ்த்தெருவிலிருந்து வாசல், மேல் வீட்டுக்கு மேட்டுத் தெருவிலிருந்து. தொழில் செத்து வீடுகள் மலிவாகக் கிடைத்தபோது கலைஞர்கள் வந்து குடியேறினார்கள். இன்று விலை கேட்டால் தலை சுற்றும். மேலே ஹெப்டன்ஸ்டாலுக்கு ஏறினால் ஒரே மயானத்தில் இரண்டு தேவாலயங்கள், ஒன்று 1847 புயலில் சிதைந்தது. கவிஞர் சில்வியா பிளாத்தின் கல்லறையும் அங்கேதான். மழை பெய்தால் அந்தக் கல்பாதை வழுக்கும். இறங்கும்போது வீட்டுக்காரர் கையை நான் விடவே இல்லை, காதல் என்று யாராவது நினைத்திருந்தால் நினைத்துக்கொள்ளட்டும்.

சாப்பாட்டுக்குக் கவலை வேண்டாம். மில் வேலைக்காக பாகிஸ்தான் வசமுள்ள காஷ்மீரின் மீர்பூர் பக்கமிருந்து வந்து தங்கிவிட்ட குடும்பங்கள் ஹாலிஃபாக்ஸில் நிறைய, அதனால் பருப்பும் ரொட்டியும் கிடைக்கும். லண்டன் கிங்ஸ் கிராஸிலிருந்து மாறாமல் வரும் ரயில் உண்டு. ஒன்றை மட்டும் முன்கூட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள்: கோடையில் பீஸ் ஹால் முற்றத்தில் பெரிய கச்சேரிகள் நடக்கும், அந்த நாட்களில் டிக்கெட் இல்லாமல் மாலையில் உள்ளே விடமாட்டார்கள், ஹோட்டல் வாடகையும் ஏறிவிடும். ஷிப்டன் ஹாலும் எல்லா நாளும் திறந்திருக்காது.