54 என்ற எண்ணை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள்

வணக்கம் சகோதரி. பத்தாவது படிக்கும் மகன் இணைய அடிமைத்தனச் சோதனையில் 54 எடுத்திருக்கிறான், சிகிச்சை தேவையா என்று கேட்டிருந்தீர்கள்.

அந்தச் சோதனையின் 20 கேள்விகள் உளவியலாளர் கிம்பர்லி யங் 1998-இல் வெளியிட்டவை. 50 முதல் 79 வரை நடுத்தரச் சிக்கல் என்பது கணக்கு. ஆனால் அது பெரியவர்களுக்காக எழுதியது. மூன்றாவது கேள்வி, துணையுடன் நெருக்கமாக இருப்பதைவிட இணையம்தான் பிடிக்கிறதா என்கிறது! இன்னொன்று மின்னஞ்சல் பார்ப்பதைப் பற்றி. பதினைந்து வயதுப் பையன் இதற்கு என்ன எண் போடுவான்? அதுவும் அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது?

இது வெறும் முதற்கட்டச் சல்லடை, நோயறிதல் அல்ல. வீடியோ கேம் அடிமைத்தனத்துக்குக்கூட உலக சுகாதார நிறுவனம் மணிக்கணக்கைப் பார்ப்பதில்லை. கட்டுப்பாடு போய்விட்டதா, மற்றதெல்லாம் பின்னுக்குப் போய்விட்டதா, கெடுதல் தெரிந்தும் தொடர்கிறானா, இது பொதுவாக 12 மாதம் நீடிக்கிறதா என்றுதான் பார்க்கிறது.

தூக்கம் எப்படி? நண்பர்களோடு வெளியே போகிறானா? ஒரு வாரம் குறித்து வையுங்கள். போனை மட்டும் சட்டென்று பிடுங்கிவிடாதீர்கள், பேச்சே நின்றுவிடும். அப்புறமும் கவலையாக இருந்தால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-ஐ அழையுங்கள், இலவசம், தமிழிலேயே பேசலாம்.