தம்பிக்கு இல்லம் தேடும்போது

கேள்வி: அறிவுசார் குறைபாடுள்ள என் தம்பிக்கு முப்பது வயது. அம்மாவுக்கு முடியவில்லை. திருவையாறு பக்கம் சின்ன இல்லம் ஒன்று பார்த்திருக்கிறோம். நம்பி விடலாமா?
– வாசகி, மன்னார்குடி

பதில்: 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி இல்லத்துக்குப் பதிவுச் சான்றிதழ் வேண்டும், முதலில் அதைக் கேளுங்கள். அப்புறம் சொல்லாமல் கொள்ளாமல் சாப்பாட்டு நேரத்தில் போங்கள். வளர்ந்தவர்களைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறார்களா, 'பாப்பா' என்றா? சட்டை அவரவருடையதா, குவியலில் கைக்கு வந்ததா? என் சித்தி மகன் இருந்த இடத்தில் தரை பளபளக்கும். ஆனால் ஏழு மணிக்கே எல்லோரையும் படுக்கவைத்து விளக்கை அணைத்துவிடுவார்கள். பார்க்க வருகிறவர்களுக்குத் தரைதானே தெரியும்! ராத்திரி யார் இருப்பார்கள், மாத்திரை யார் கொடுப்பார்கள் என்றும் கேளுங்கள். தம்பியையும் கூட்டிப்போங்கள், இருக்கப்போவது அவர்தான். சட்டப்படி பாதுகாவலர் தேவைப்பட்டால், கலெக்டர் அலுவலகத்தில் 1999 தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின் உள்ளூர்க் குழுவிடம் மனு கொடுக்கலாம்.