இருபது ரூபாய் என்-95 அம்மாவைக் காக்குமா?

கோபிசெட்டிபாளையத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொள்ளும் தம் தாயாரை மூன்று வாரத்துக்கு ஒருமுறை பேருந்தில் கோவைக்கு அழைத்துச் செல்கிறார். சளிக்காய்ச்சல் பரவும் நாட்களில் உதிரியாக இருபது ரூபாய்க்குக் கிடைக்கும், வால்வு (மூச்சை வெளியே விடும் சிறு மூடி) வைத்த என்-95 முகக்கவசம் போதுமா, அதைத் துவைத்துப் போடலாமா என்று கேட்கிறார்.

எந்த என்-95 கவசத்தையும் துவைக்கக் கூடாது. நீங்கள் சொல்லும் இருபது ரூபாய்க் கவசத்தையோ வாங்கவே கூடாது. கவசம் சல்லடைபோல் கிருமியைத் தடுப்பதில்லை. அதன் நடு அடுக்கான பாலிபுரோப்பிலீன் இழைகளுக்கு மின்னேற்றம் தந்திருப்பார்கள். விசைத்தறிக் கூடத்தில் பாலியஸ்டர் நூலைத் தேடிவந்து பஞ்சுத் தூசி ஒட்டிக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். கிருமியைச் சுமந்துவரும் நுண்துளிகளும் அப்படித்தான் அந்த இழைகளில் சிக்குகின்றன. சோப்புத் தண்ணீரோ சானிடைசரோ பட்டால் அந்த மின்னேற்றம் குறைந்துவிடும். பார்வைக்குப் புதிதாகத் தெரியும், வடிகட்டும் வேலை சரியாக நடக்காது. 2020-இல் நம் பக்கத்தில் பலரும் போட்ட பனியன் துணிக் கவசத்துக்கு இந்த மின்னேற்றம் கிடையாது. இழுத்து மாட்டினால் பின்னல் கண்களும் விரிந்துவிடும். அறுவைக் கூடத்து நீலக் கவசம் துணியைவிட மேலானது என்றாலும், கன்னத்தோரம் திறந்திருப்பதால் மூச்சுக் காற்றில் ஒரு பங்கு வடிகட்டப்படாமல் அந்த வழியாகவே போய்வரும்.

என்-95 என்பது அமெரிக்கத் தரம். மிக நுண்ணிய துகள்களில் நூற்றுக்கு 95-ஐயாவது அது பிடிக்க வேண்டும். நம் நாட்டில் ஐ.எஸ். 9473 என்ற தரத்தின்கீழ் எஃப்.எஃப்.பி.2 என்று முத்திரை தருகிறார்கள், அதற்கு 94. ஆகவே வெறுமனே 'என்-95' என்று அச்சடித்திருப்பதை நம்ப வேண்டாம். சாக்குமூட்டையில் மொத்தமாக வாங்கி, உறையில்லாமல் கடைகளுக்குத் தள்ளிவிடும் இடைத்தரகர்களுக்கு அந்த எழுத்தை அச்சடிக்க ஒரு ரப்பர் முத்திரையே போதும். ஐ.எஸ்.ஐ. குறிக்குக் கீழே சி.எம்./எல். என்று தொடங்கும் உரிம எண் இருக்கும், அதை இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பி.ஐ.எஸ். கேர் செயலியில் அடித்துப் பார்த்தால் தயாரிப்பாளர் யாரென்று தெரிந்துவிடும். இந்த வேலையைச் செய்ய வேண்டியவர்கள் அதிகாரிகள். நோயாளியின் மகள் பேருந்து நிலையத்தில் நின்று செய்ய வேண்டியிருக்கிறது.

வால்வைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பஞ்சாலையில் பஞ்சைப் பிரித்துத் தூசி நீக்கும் புளோ ரூமில் வேலை செய்பவருக்கு வால்வு நல்லதுதான். உள்ளே இழுக்கும் காற்று வடிகட்டப்படுகிறது, வெளியே விடும் காற்று தடையின்றிப் போவதால் புழுக்கம் குறைகிறது, அவர் மூச்சினால் பஞ்சுக்கு ஒரு கெடுதலும் இல்லை. தரமானதாக இருந்தால் உங்கள் தாயாரையும் அது காக்கும். ஆனால் அதே கவசத்தை நீங்கள் போட்டு, அறிகுறி தெரியாத காய்ச்சலோடு பக்கத்தில் அமர்ந்தால், உங்கள் மூச்சு வடிகட்டப்படாமலே அவரிடம் போகும். 2020 ஜூலையில் மத்திய சுகாதாரத் துறையே வால்வுக் கவசம் வேண்டாம் என்று மாநிலங்களுக்கு எழுதியது. கடைகளில் இன்றும் அதைத்தான் உசத்தி என்று சொல்லி விற்கிறார்கள்.

இருவருக்குமே வால்வு இல்லாத, தலையைச் சுற்றி இரண்டு பட்டை போகும் எஃப்.எஃப்.பி.2 வாங்குங்கள். காதில் மாட்டுவது அவ்வளவு இறுக்கமாகப் பொருந்துவதில்லை. மூக்குக் கம்பியை இரு கை விரல்களாலும் அழுத்திவிட்டு, தாயாரைப் பலமாக ஊதச் சொல்லுங்கள். கண்ணுக்குக் கீழே காற்று பட்டால் திரும்பவும் சரிசெய்ய வேண்டும். மருந்து ஏற்றுவதால் எடை குறைந்து கன்னம் ஒட்டிப்போயிருந்தால், முன்பு பொருந்திய அளவு இப்போது பொருந்தாது. ஈரமாகாத, கசங்காத கவசத்தைக் காகித உறையில் வைத்துச் சில முறை பயன்படுத்தலாம். பட்டை தளர்ந்ததும் எறிந்துவிட வேண்டும்.

பேருந்தில் சன்னலைத் திறந்து அதன் ஓரமாக உட்காரவையுங்கள். என்னை அதைவிட அஞ்சவைப்பது மருத்துவமனைக் காத்திருப்புக் கூடம்தான். குளிர்சாதனத்துக்காகச் சன்னல்களை அடைத்து, இருமுபவரையும் எதிர்ப்புச் சக்தி குறைந்தவரையும் ஒரே வரிசையில் உட்காரவைத்து, 'முகக்கவசம் அணிக' என்று சுவரில் ஒட்டிவிட்டால் கடமை முடிந்ததாக நினைக்கிறார்கள். டோக்கன் வாங்கியதும் தாயாரை வெளியே மரத்தடியில் உட்காரவைத்துவிட்டு, எண் வரும்போது கைப்பேசியில் அழைக்கும்படி செவிலியரிடம் சொல்லிவையுங்கள். டிபன் பெட்டியையும் அங்கேயே திறக்கட்டும்.