முதல் மேனேஜரும் முதலாளியின் போனும்

ஐயா,
கேரள எல்லைக்குள் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தென்னை நார் மில் வைத்திருக்கிறேன். நார் எடுத்தபின் மிஞ்சும் தூளான பித்தைக் கழுவிக் காயவைத்து, ஐந்து கிலோ கட்டியாக அடித்து ஏற்றுமதிக்குக் கொடுக்கிறோம். 45 பேர் வேலை. மட்டை வருவதிலிருந்து கண்டெய்னர் ஏற்றுவது வரை நான்தான், முடியவில்லை. கோவையில் பெரிய கம்பெனியில் 18 வருடம் இருந்த ஒருவரை ஜெனரல் மேனேஜர் (ஜி.எம்.) ஆக எடுக்க நினைக்கிறேன். அவர் கேட்கும் சம்பளத்தைப் பார்த்துவிட்டு, "நம்ம சூப்பர்வைசரையே தூக்கிவிடுங்களேன்" என்கிறாள் மனைவி. என்ன செய்யலாம்?
– ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

இந்தக் கடிதத்தை எழுதி முடிப்பதற்குள் உங்கள் போன் எத்தனை முறை அடித்தது?

நான் எண்ணெய் மில் நடத்தியபோது இப்படித்தான் ஒருவரைக் கொண்டுவந்தேன். கெட்டிக்காரர். ஈரக் கொப்பரை தள்ளிவிடுகிற வியாபாரி ஒருவரை அவர் நிறுத்திவைத்தார். அந்த வியாபாரி நேராக எனக்குப் போன் போட, பழக்க தோஷத்தில் "சரி, அனுப்புங்க" என்றுவிட்டேன். மறுநாள் காலை கேட்டில் லாரி. இறக்குகிற ஆட்கள் அவர் முகத்தைப் பார்க்கிறார்கள், அவர் என் முகத்தைப் பார்க்கிறார். "எடை போடுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார். இரண்டு மாதத்தில் வேறு வேலைக்குப் போய்விட்டார். தப்பு என்னுடையது.

அதனால் ஒரு வாரம், வருகிற போனையெல்லாம் நோட்டில் குறியுங்கள். எதையெல்லாம் மனதார விடுவீர்களோ, அதுதான் புதியவரின் வேலை. களம், மெஷின், ஷிப்டு என்று மட்டும் தேறினால் உங்கள் வீட்டம்மா சொல்வதே சரி.

எல்லையோரத்தில் இன்னொரு தொல்லை. பொள்ளாச்சியிலிருந்து லோடு வந்தால் அது வெளிமாநிலச் சரக்கு. மதிப்பு 50,000 ரூபாயைத் தாண்டினால் இ-வே பில், அதாவது சரக்கோடு போக வேண்டிய ஜி.எஸ்.டி. சீட்டு. ஏற்றுக்கூலிக்குக் கேரளத்தில் 1978இன் சுமட்டுத் தொழிலாளர் (சுமை தூக்குவோர்) சட்டம் இருக்கிறது. சுமை தூக்காமல் பார்த்துக்கொண்டு நின்றதற்கே கேட்கும் நோக்குகூலியை 2018 மே 1 முதல் அரசு தடை செய்துவிட்டாலும், யூனியன்காரர்களிடம் உட்கார்ந்து பேசத் தெரிந்திருக்க வேண்டும். உங்கள் ஆட்களில் பாதிப்பேர் ஓணத்துக்குப் போனஸ் கேட்பார்கள், மீதிப்பேர் தீபாவளிக்கு. இதெல்லாம் கோவைக்காரருக்குப் பழக்கமா?

ஆபீஸில் உட்காரவைத்துப் பேட்டி எடுக்காதீர்கள். பித்து விரித்துக் கிடக்கும்போது, மேகம் கட்டுகிற ஒரு மதியம் களத்துக்கு வரச் சொல்லுங்கள். முதலில் உங்களிடம் பேசுகிறாரா, தார்ப்பாய் எங்கே என்று அங்கிருக்கும் பெண்களிடம் கேட்கிறாரா, பாருங்கள். பெரிய கம்பெனியில் பர்ச்சேஸுக்குத் தனி ஆள், ஸ்டோர்ஸுக்குத் தனி ஆள். உங்களிடம் பெல்ட் அறுந்தால் அவரே பொள்ளாச்சிக்கு வண்டி எடுக்க வேண்டியிருக்கும்.

எடுப்பதென்று முடிவானால், எவ்வளவு தொகை வரை உங்களைக் கேட்காமல் செலவு செய்யலாம் என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள். அப்புறம், சூப்பர்வைசரைக் கூப்பிட்டு நீங்களே விஷயத்தைச் சொல்லுங்கள். டீக்கடையில் அவர் காதில் விழுந்தால், ஜி.எம். வருகிற முதல் நாளே ஏதாவது ஒரு மெஷின் 'ரிப்பேர்' ஆகும்.