லினக்ஸ் சர்வரில் ஏன் டெஸ்க்டாப் போடுவதில்லை?

டெஸ்க்டாப் என்பது ஐகான், மெனு, மவுஸ் எல்லாம் உள்ள திரை. கமாண்ட் லைனில் கட்டளையைத் தட்டச்சு செய்து என்டர் அழுத்துவோம். உபுண்டு சர்வர் என்ற லினக்ஸ் வகையை நிறுவினால் இரண்டாவது மட்டும்தான் வரும்.

முக்கியக் காரணம், சர்வர் முன்னால் யாரும் உட்காருவதில்லை. மானிட்டர்கூட இல்லாமல் ஏதோ ஒரு டேட்டா சென்டரில் ஓடும். நாம் எஸ்எஸ்ஹெச் (SSH) என்ற பாதுகாப்பான தொலை இணைப்பு வழியாக உள்ளே போகிறோம். அதில் போய்வருவது பெரும்பாலும் வெறும் எழுத்துதான், அதனால் மந்தமான மொபைல் இணைப்பிலும் வேலை நடக்கும். பார்க்க ஆளில்லாத க்னோம் என்ற டெஸ்க்டாப் திரைக்கு நூற்றுக்கணக்கான எம்பி ராம் கொடுப்பது வீண். 1 ஜிபி ராம் உள்ள சின்ன விபிஎஸ்ஸில் (வாடகைக்கு எடுக்கும் மெய்நிகர் சர்வரில்) அது டேட்டாபேஸுக்குப் போக வேண்டிய இடம். அப்புறம், கூடுதல் மென்பொருள் என்றால் கூடுதல் அப்டேட், கூடுதல் பாதுகாப்பு ஓட்டை.

மளிகைக் கடையில் ஒவ்வொரு சாமானாகக் கைகாட்டி வாங்கலாம். சீட்டு எழுதியும் கொடுக்கலாம். சீட்டு இருந்தால் அடுத்த மாதமும் அதையே நீட்டலாம், வேறு ஆளிடமும் கொடுத்தனுப்பலாம். கமாண்டும் அப்படித்தான். 'சூடோ சிஸ்டம்சிடிஎல் ரீஸ்டார்ட் என்ஜின்எக்ஸ்' என்பது என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வர் மென்பொருளை மறுபடி தொடங்கும் கட்டளை. இந்த வரியை ஒரு ஸ்கிரிப்டில் (கட்டளைகளை எழுதிவைக்கும் கோப்பில்) போட்டுவிட்டால் 20 சர்வரிலும் ஒரே மாதிரி ஓடும். எனக்கு இதுதான் பெரிய லாபமாகத் தெரிகிறது.

வீட்டில் பழகும் மெஷினில் டெஸ்க்டாப் போட்டுக்கொள்ளுங்கள், தப்பே இல்லை.

டெஸ்க்டாப் இல்லாத சர்வரில் கிராஃப், மெனு எதையும் பார்க்கவே முடியாது என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் காக்பிட் என்ற சர்வர் நிர்வாக மென்பொருளை நிறுவினால் உங்கள் பிரவுசரிலேயே, 9090 போர்ட்டில், பார்க்கலாம்.