வோக்கோடரை மட்டும் நம்பி விமானம் ஏறாதீர்கள்

தம்பி, காக்ளியர் இம்ப்ளாண்ட் (காது கேளாதவரின் உட்செவியில் வைத்து நரம்பை மின்சாரத்தால் தூண்டும் கருவி) ஆய்வகத்தில் முனைவர் பட்டத்துக்கு இடம் கிடைத்திருக்கிறது, வீடு எப்படிப் பிடிப்பது, குளிருக்கு என்ன வாங்குவது, முதல் வருடம் எதில் கவனம் வைப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். வீட்டையும் குளிரையும் பற்றிச் சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். மூன்றாவதுக்கு வருகிறேன்.

நம்மாட்கள் வழக்கமாக விழும் பள்ளம் ஒன்று உண்டு. சிக்னல் ப்ராசஸிங் கைவந்த பிள்ளைகள். வந்த வேகத்தில் வோக்கோடர், அதாவது இம்ப்ளாண்ட் வழியே கேட்பதுபோல் பேச்சை மாற்றித் தரும் நிரல், எழுதி, அறைத் தோழர்கள் நாலு பேருக்கு ஹெட்போன் மாட்டிவிட்டு, முடிவு வந்தாயிற்று என்பார்கள். நாலே அதிர்வெண் பட்டைகளாகப் பிரித்த இரைச்சலிலும் பேச்சு புரியும் என்று ஷானன் குழு 1995-இல் காட்டியது, வாஸ்தவம். ஆனால் ஆங்கிலம் இரண்டாம் மொழியானவருக்கு அதே அளவு புரிய இன்னும் அதிகப் பட்டைகள் வேண்டும். தோழர் தடுமாறினால் பழுது உங்கள் அல்காரிதத்திலா, அவர் ஆங்கிலத்திலா? பிரிக்கவே முடியாது. உங்கள் காதையும் நம்பாதீர்கள், வாக்கியமெல்லாம் உங்களுக்கு மனப்பாடம். ஒருவர் ஒருமுறை கேட்ட வாக்கியப் பட்டியல் அவருக்கு அதோடு செலவாகிவிட்டது.

நிஜக் காதில் கதையே வேறு. 22 மின்முனை இருந்தாலும் மின்னோட்டம் காக்ளியாவின் (நத்தைச் சுருள்போன்ற உட்செவி) திரவத்தில் பரவிவிடுவதால், பேச்சுக்குப் பயன்படுவது ஏறக்குறைய எட்டு தனி வழிகள்தான். மின்முனைக் கம்பியும் நத்தைச் சுருளின் உச்சிவரை போவதில்லை. அதனால் தாழ்ந்த ஒலி உரிய இடத்தில் போய்ச் சேராது.

கணினியிலிருந்தே மின்முனைக்குத் துடிப்பு அனுப்பும் நேரடித் தூண்டல் சோதனையில், எடுத்த எடுப்பில் ஆளைத் தொடாதீர்கள். முதலில் ஆளுக்குப் பதிலாகச் சோதனைப் பெட்டியை மாட்டி ஆசிலாஸ்கோப்பில் துடிப்பைப் பாருங்கள். 500 மைக்ரோஆம்பியர், 25 மைக்ரோவிநாடி என்றால் துடிப்பின் ஒரு பக்கத்துக்கு 12.5 நானோகூலும் மின்னேற்றம். எதிர்ப்பக்கமும் அதே அளவு இருந்தாக வேண்டும். மின்னேற்றம் மிச்சம் நின்றால் திசுவுக்குக் கேடு. புதியவர்கள் சறுக்குவது இன்னோரிடத்தில்: விநாடிக்கு 250 துடிப்பை 900 ஆக்கிவிட்டு மின்னோட்ட அளவை அப்படியே விட்டுவிடுவார்கள். சத்தம் எகிறும், மனிதர் நாற்காலியிலிருந்து துள்ளுவார். எதை மாற்றினாலும் கேட்பு எல்லையையும் உச்ச எல்லையையும் மறுபடி அளந்து பாருங்கள், கேட்காத அளவிலிருந்து மெல்ல ஏறுங்கள்.

சோதிக்கப்படுபவரின் மதிப்பெண் திடீரென்று சரிந்தால் நிரலைத் தோண்டாமல், ப்ராசஸரின் (ஒலியை வாங்கி மின்துடிப்புக்கான குறிப்பாக்கும் வெளிக்கருவி) மைக்ரோபோன் மூடியைப் பாருங்கள். பாதி நேரம் ஈரமும் அழுக்கும்தான். இதெல்லாம் ஆடியாலஜிஸ்டுக்கு, அதாவது கேள்திறன் நிபுணருக்கு, தெரியும். வாரம் ஒருநாள் கிளினிக்கில் அவர் பக்கத்தில் உட்காருங்கள். நம் ஆட்கள் அதைக் கௌரவக் குறைச்சலாக நினைப்பது எனக்குத் தீராத எரிச்சல்.

ப்ராசஸர் இடுப்பில் தொங்கி, வயர் சட்டைக்குள் ஓடிய காலம் போய்விட்டது. ஆனால் இம்ப்ளாண்ட் அணிந்தவரிடம் பேசும் முறை மாறவில்லை. கத்தாதீர்கள், ப்ராசஸர் அதை அமுக்கிவிடும். வேகத்தைக் குறையுங்கள். நான் குறைத்த குறைப்பு இன்று வீட்டுப் பேச்சிலும் நிற்கிறது. ஜன்னலுக்கு முதுகு காட்டி நிற்காதீர்கள், முகம் இருட்டினால் உதடு படிக்க முடியாது. தலையில் ஒட்டியிருக்கும் காயிலைக் கழற்றினால் அவருக்குக் கேட்காது. அதைக் கழற்றச் சொல்வதாக இருந்தால், அடுத்து என்ன செய்யப் போகிறீர்கள் என்பதை அதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். கழற்றியபின் எழுதிக் காட்டத் தாளும் பேனாவும் மேசையில் இருக்கட்டும்.