பிராட் பீன்ஸ் இலையில் பழுப்புப் புள்ளிகள்

வணக்கம். ஒரு வாரம் விடாமல் பெய்த மழைக்குப் பிறகு இலையெல்லாம் பழுப்புப் புள்ளி, வேப்பெண்ணெய் அடித்தும் குறையவில்லை, செடிகள் 10 செ.மீ. இடைவெளியில் இருக்கின்றன என்று எழுதியிருக்கிறீர்கள்.

முதலில் ஒரு புள்ளியை விரலால் தேய்த்துப் பாருங்கள். ஆரஞ்சுப் பொடி ஒட்டினால் அது துரு நோய். ஒட்டாமல், சாக்லேட் நிறத்தில் இலையோடு பதிந்திருந்தால் பொட்ரைட்டிஸ் பூஞ்சை. உங்கள் விவரத்துக்கு இரண்டாவதுதான் பொருந்துகிறது. வேப்பெண்ணெய் முக்கியமாகப் பூச்சிக்கானது. இதற்கு அதை நம்ப வேண்டாம்.

இந்தப் பூஞ்சைக்கு வேண்டியது இலைமேல் நெடுநேரம் தங்கும் ஈரம். நெருக்கமாக நட்டால் காற்று நுழையாது, இலை காயாது. அதனால் மருந்தைத் தேடுவதற்கு முன் ஒன்று விட்டு ஒன்றாகச் செடிகளை அடியோடு வெட்டி, 20 செ.மீ. இடைவெளி விடுங்கள். மனசு வராதுதான், ஆனாலும் செய்யுங்கள். புள்ளி அதிகமுள்ள அடி இலைகளை, செடி காய்ந்திருக்கும் நேரத்தில் கிள்ளி அப்புறப்படுத்துங்கள். ஈரத்தில் தொட்டால் பூஞ்சையின் வித்துகள் மற்ற செடிகளுக்கும் பரவும். தண்ணீரைக் காலையில், வேரடியில் மட்டும் விடுங்கள்.

தழைச்சத்து (நைட்ரஜன்) உரம் இப்போது வேண்டாம். இளந்தழையில் நோய் சீக்கிரம் ஏறும். சாம்பல்சத்து (பொட்டாசியம்) குறைவும் நோயைக் கூட்டும். அடுத்த விதைப்புக்கு முன் சதுர மீட்டருக்கு 20 கிராம் பொட்டாசியம் சல்பேட் கலந்துவிடுங்கள்.

புள்ளிகள் சேர்ந்து தண்டு கறுத்துவிட்டால் அந்தச் செடி தேறாது, பிடுங்கிவிடுங்கள். காய்த்தோலில் மட்டும் புள்ளி என்றால் உள்ளே உள்ள பருப்பைத் தாராளமாகச் சாப்பிடலாம். ஆனால் விதைக்கு எடுக்காதீர்கள். அதே பாத்தியில் 3 ஆண்டுகளுக்கு மறுபடி இதை நடவும் வேண்டாம்.